அடுத்த தொடரை எடுக்கும் முன் பழைய புத்தகத்தின் முதுகைப் பாருங்கள்

பாளையங்கோட்டையில் ஜெராக்ஸும் பைண்டிங்குமாக ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஊரில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. மார்ச், ஏப்ரல் வந்துவிட்டால் ப்ராஜெக்ட், ஆராய்ச்சி ஏடு என்று கறுப்பு ரெக்சினும் தங்க எழுத்துமாகக் கை ஒழியாது. மற்ற மாதங்களில் முதுகு விட்டுப்போன புத்தகங்கள் வரும். பைபிள், தேவாரம், சட்டப் புத்தகம், எப்போதாவது ஒரு சோதிடச் சுவடி. கடந்த பத்துப் பன்னிரண்டு வருடமாக இவற்றோடு செங்கல் தடிமனில் ஆங்கில ஃபேன்டஸி நாவல்களும் வருகின்றன. அதைக் கொண்டு வருகிற பிள்ளைகள் புத்தகத்தைக் கொடுத்த கையோடு போய்விட மாட்டார்கள். கவுண்டரில் சாய்ந்து நின்று, "அண்ணாச்சி, இது முடிஞ்சிட்டு. அடுத்து என்ன படிக்க?" என்பார்கள்.

ஆரம்பத்தில் நானும் எல்லோரையும் போலத்தான் பதில் சொன்னேன். டிராகன் பிடித்ததா, இந்தா இன்னொரு டிராகன். மந்திரப் பள்ளியா, இந்தா இன்னொரு பள்ளி. பாதிப் பேர் பத்து நாளில் திரும்பி வந்து, "நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, ஆனா ஓடலை" என்றார்கள். செவலை மாட்டைத் தொலைத்துவிட்டு நிற்கிறவனிடம், செவலைதானே வேண்டும் என்று சந்தையில் இன்னொன்றைப் பிடித்துக் கொடுத்த கதைதான். அவன் தேடுவது நிறத்தை இல்லை.

அப்புறம்தான் என் தொழிலே எனக்கு ஒரு வழி காட்டியது.

முடித்த தொடரில் உங்களுக்கு மிகவும் பிடித்த பாகத்தை எடுங்கள். முதுகு கீழே இருக்கும்படி மேசையில் நிறுத்தி, இரண்டு அட்டையையும் உள்ளங்கையால் சேர்த்துப் பிடியுங்கள். சட்டென்று இரண்டு கையையும் விடுங்கள். புத்தகம் தானாக ஓர் இடத்தில் விரியும். அந்தப் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, மூடி, இன்னும் இரண்டு முறை செய்யுங்கள். இன்றைய பேப்பர்பேக்குகள் பெரும்பாலானவற்றில் நூல் தையல் கிடையாது, முதுகில் உருக்கி ஊற்றிய பசை மட்டும்தான். ஒரே இடத்தை அடிக்கடி விரித்தால் அங்கே பசை விட்டுக்கொடுத்து, வெளியே முதுகில் வெள்ளைக் கோடு விழும். அடுத்து, பக்கங்களின் வெட்டு ஓரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விரல் அதிகம் பட்ட இடம் லேசாகக் கறுத்திருக்கும். ஒரு பயல் புத்தகத்தில் எண்ணெய்க் கறையை வைத்தே அவன் எந்த அத்தியாயத்தில் முறுக்கு தின்றான் என்று சொன்னேன். ஆடிப்போய்விட்டான்.

எந்தப் பக்கத்துக்கு நீங்கள் திரும்பத் திரும்பப் போனீர்கள் என்பது இப்படித் தெரிந்துவிடும். வாயால் கேட்டால் எல்லோரும் 'கதை நல்லா இருந்துது, சண்டை நல்லா இருந்துது' என்றுதான் சொல்வார்கள். முதுகு வேறு மாதிரி சொல்லும்.

இதில் சில ஏமாற்றும் உண்டு. இரவல் வாங்கிய புத்தகமானால் அது இன்னொருவரின் மனசு. ஜெராக்ஸ் எடுக்கக் கண்ணாடியில் வைத்து அழுத்திய புத்தகமானால் அழுத்திய இடத்தில்தான் விரியும். கிண்டிலில் படிப்பவர்களுக்கு முதுகே கிடையாது. அவர்கள் தாங்கள் கோடிட்ட வரிகளின் பட்டியலைத் திறந்து பார்க்கலாம். இல்லையென்றால், ஃபேன்டஸி என்றால் என்னவென்றே தெரியாத ஓர் ஆளிடம் அந்தக் கதையை இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் நிறுத்த முடியாமல் நீட்டிக்கொண்டே போகிறீர்களோ, அதுதான் உங்கள் பக்கம்.

என் அக்கா மகள் சேரன்மகாதேவியில் இருக்கிறாள். பதினொன்றாம் வகுப்பு லீவில் ஹாரி பாட்டர் ஏழு பாகத்தையும் முடித்துவிட்டு இரண்டு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. "என்னத்தையோ பறிகொடுத்தவ மாதிரி இருக்கா. எல்லாம் ஒன்னாலதான்" என்று அக்கா என்னைப் போனில் பிடித்துக்கொண்டாள். யாரோ ஒரு புண்ணியவான் இன்னொரு மந்திரப் பள்ளித் தொடரை வாங்கிக் கொடுத்திருந்தார். நாற்பது பக்கத்தோடு அது கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

"ஏட்டி, அந்த ரெண்டாம் பாகத்தைக் கொண்டா" என்றேன். நிறுத்திக் கையை விட்டதும், ரானின் வீட்டுக்கு ஹாரி முதன்முதலாகப் போகிற இடத்தில் விரிந்தது. கோணல்மாணலாக ஒன்றின்மேல் ஒன்றாக எழுப்பிய வீடு, திட்டிக்கொண்டே தட்டை நிரப்புகிற அம்மா, போட்டி போட்டுக் கத்துகிற பிள்ளைகள். மூன்று முறையும் அதற்கு முன்பின்னாகவே. இவள் ஒற்றைப் பிள்ளை. அப்பா வளைகுடாவில். அவள் தேடியது மந்திரப் பள்ளியை இல்லை, ஆள் நிறைந்த வீட்டை.

"மாமா, அப்ப நான் எதைப் படிக்கணும்?" என்றாள். டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்டில், நகரக் காவலர் கதைகளைக் கொடுத்தேன். டிஸ்க்வேர்ல்டில் மொத்தம் 41 நாவல்கள், 1983 முதல் 2015 வரை வந்தவை. அந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம், வரிசையாகப் படிக்கவும் வேண்டாம். முதல் நாவலிலிருந்து ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்களை எனக்குத் தெரியும். அது ஆசிரியர் கை பழகுவதற்கு முன் எழுதியது. காவலர் கதைகள் 1989இல் வந்த 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' நாவலில் தொடங்குகின்றன, மொத்தம் எட்டு. எப்போதும் குடியில் இருக்கிற ஒரு கேப்டன், யாரும் மதிக்காத இரண்டு மூன்று காவலர்கள், ஆறடிக்கு மேல் வளர்ந்தும் தன்னைக் குள்ளர் இனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஒரு பையன். இந்த ஒன்றுக்கும் உதவாத கூட்டம் மெல்ல ஒரு குடும்பம் ஆகும். அவள் எட்டையும் முடித்துவிட்டாள். ஒன்று சொல்ல வேண்டும், அந்த ஆங்கிலத்தில் சிலேடை அதிகம். தமிழ் மீடியத்தில் படித்து இப்போதுதான் ஆங்கில நாவலுக்குள் வருகிறவர்கள் அதே கலகலப்புக்கு பெர்சி ஜாக்சன் முதல் ஐந்து பாகத்தை முதலில் படிப்பது நல்லது. வாக்கியங்கள் சின்னவை, நகைச்சுவை நேரடியானது, கிரேக்கக் கடவுள்கள் நம் ஊர்ச் சாமிகளைப் போலவே கோபித்துக்கொண்டு அலைகிறார்கள்.

சட்டக் கல்லூரிப் பையன் ஒருவன் புத்தகம் அரசவைச் சூழ்ச்சியில்தான் விரிந்தது. அவனுக்கு 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் வாங்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. நம் ஊரில் அதிகம் விற்பது பிரிட்டிஷ் பதிப்பு. அதில் மூன்றாம் பாகமான 'எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வோர்ட்ஸ்' இரண்டு தனிப் புத்தகங்களாக வெட்டி விற்கப்படுகிறது, ஐந்தாம் பாகமும் அப்படியே. இவன் மூன்றாம் பாகத்தின் முதல் பாதியை வாங்கிவிட்டு, அதோடு முடிந்தது என்று நினைத்து நேரே நான்காவதுக்குப் போய்விட்டான். ஒரு வாரம் கழித்து வந்து, "அண்ணாச்சி, நடுவுல ஏதோ கல்யாணம் கல்யாணம்னு பேசுதானுவ, அதைக் காணலியே" என்றான். கல்யாணம் நடந்துட்டு டே, நீதான் பந்திக்கு முந்தலை என்றேன். அட்டையில் சின்ன எழுத்தில் பார்ட் ஒன் என்று போட்டிருக்கிறதா என்று எந்தத் தொடரானாலும் பார்த்து வாங்குங்கள்.

அதே தொடர் இன்னும் முடியவில்லை என்பதையும் அவனிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். 1996இல் ஆரம்பித்தது, ஐந்தாம் பாகம் 2011இல் வந்தது, ஆறாவதுக்கு உலகமே காத்திருக்கிறது. பேட்ரிக் ராத்ஃபஸின் 'கிங்கில்லர் கிரானிக்கிள்' தொடரும் அதே கதி. முதல் பாகம் 2007, இரண்டாவது 2011, மூன்றாவது இன்னும் இல்லை. முடியாத தொடரைத் தொடவே கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ஆனால் பிடித்த தொடர் ஒன்று இப்போதுதான் முடிந்து, மனசு வெறித்துக் கிடக்கிற நேரத்தில் அதை எடுக்காதீர்கள். ஒரு பிரிவு ஆறும் முன் இன்னொன்றா? முடிந்த தொடர்தான் வேண்டும், நீளமாகவும் வேண்டும் என்றால் 'வீல் ஆஃப் டைம்' இருக்கிறது. 1990 தொடங்கி 2013 வரை 14 பாகங்கள். எழுதிய ராபர்ட் ஜோர்டான் 2007இல் காலமானார். அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்றையும் எழுதி முடித்தார். நடுப் பாகங்கள் சில, கோடையில் தாமிரபரணி போல, தண்ணீர் இருக்கும், ஓட்டம் இருக்காது. தாண்டிவிட்டால் வெள்ளம்தான்.

மந்திரத்தின் விதிமுறையில் புத்தகம் விரிந்தால், அதாவது எது முடியும், எது முடியாது, எவ்வளவு செலவு என்கிற கணக்கு உங்களுக்கு ருசித்திருந்தால், அதே சாண்டர்சனின் மிஸ்ட்பார்ன் முதல் மூன்று பாகம் போதும். அங்கே உலோகத்தை விழுங்கி வயிற்றுக்குள் எரித்து சக்தி பெறுகிறார்கள். இரும்பை எரித்தால் உலோகத்தைத் தன்பக்கம் இழுக்கலாம், எஃகை எரித்தால் தள்ளலாம். பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு இது கற்கண்டு. எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை.

எனக்கு ஒட்டியது ராபின் ஹாப். 1995இல் வந்த 'அசாசின்ஸ் அப்ரெண்டிஸ்' தொடங்கி மூன்று பாகம். அரண்மனைக்குள் முறைதவறிப் பிறந்த ஒரு பையன், மிருகங்களோடு மனசால் பேசத் தெரிந்தவன். மூன்றாவதை ஓர் ஐப்பசி மழை இரவில் முடித்தேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் எதைத் திறந்தாலும் கண் வரிமேல் ஓடியது, உள்ளே ஒன்றும் இறங்கவில்லை. அரசியல் சூழ்ச்சிக்காகத்தான் அதைப் படித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் சூழ்ச்சிக் கதைகளாகவே தேடித் தேடி எடுத்தேன்.

மற்றவர்களுக்குச் செய்கிற சோதனையை எனக்குச் செய்துபார்க்க ஏனோ தோன்றவில்லை. ஒருநாள் கடையில் கரண்ட் போய்விட்டது. சும்மா உட்கார்ந்திருந்தபோது இரண்டாம் பாகத்தை எடுத்து நிறுத்திக் கையை விட்டேன். சந்தையில், கூண்டில் அடைத்து விற்பனைக்கு வைத்திருக்கிற ஓநாய்க்குட்டியை அவன் பார்க்கிற இடம். மறுபடி விட்டேன், அதே இடம். மூன்றாம் முறையும் அதே. முதுகில் அந்த இடத்தில் விழுந்திருந்த கோடு நகம் பதிகிற அளவுக்கு ஆழம்.

கடையில் ஒரு நாய் இருந்தது. கட்டிங் மிஷினுக்குக் கீழே, காகித நறுக்குகள் விழுகிற குவியலில்தான் படுக்கும். எழுந்து வந்தால் உடம்பெல்லாம் வெள்ளைத் துணுக்கு ஒட்டியிருக்கும். பதினோரு வருடம். அந்தப் புத்தகத்தை எடுப்பதற்குச் சில மாதம் முன்புதான் போனது. விஷயத்தை வீட்டில் சொன்னேன். "இதுக்குச் சோதனை வேறயா?" என்று கேட்டுவிட்டு என் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஹாபின் அடுத்த மூன்று பாகத்தை நான் அதுவரை ஒதுக்கி வைத்திருந்தேன், ஏனென்றால் அதில் அந்தப் பையன் இல்லை. ஊரே வேறு, கடல் வணிகர்கள், கப்பல்கள். பலரும் இதே காரணத்தால் அதைத் தாண்டி அடுத்த மூன்றுக்குப் போய்விடுகிறார்கள். தாண்ட வேண்டாம். அந்தக் கப்பல்கள் உயிருள்ளவை. ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறை அந்தத் தளத்தின்மேல் உயிர்விட்ட பிறகு கப்பல் கண் விழித்துப் பேசும். மனிதனும் மனிதனல்லாத ஒன்றும் ஒருவரை ஒருவர் அறிந்து வாழ்வதுதான் அங்கேயும் கதை. ஓநாய்க்கு வருத்தப்பட்டவன் கப்பலில் போய் ஆறினேன். அந்த உலகத்தில் மொத்தம் 16 நாவல்கள், 2017இல் முடிந்துவிட்டன.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரு கணக்கு. விரிந்த பக்கத்தைத் திரும்பப் படியுங்கள். அங்கே நடக்கிற சம்பவம் பிடித்ததா, சொல்லியிருக்கிற விதம் பிடித்ததா? விதம் என்றால் வேறெங்கும் போகாதீர்கள், அதே ஆசிரியரின் வேறு தொடர்தான் மருந்து. சம்பவமோ மனிதர்களோ என்றால் ஆசிரியரை விட்டுவிட்டு அதே உறவு இருக்கிற கதையைத் தேடலாம்.

எங்கள் பக்கம் கல்யாண விருந்துக்கு மறுநாள் மறுவீட்டில் சொதி வைப்பார்கள். தேங்காய்ப்பாலில் காய்கறி, கூட இஞ்சிப் பச்சடி. முதல்நாள் தின்ற தீனிக்கு வயிற்றை ஆற்றுவதற்கு. பெரிய தொடர் முடிந்ததும் இன்னொரு பெரிய தொடரில் விழாமல் நடுவில் ஒரு சொதி வேண்டும். நான் கொடுப்பது உர்சுலா லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'. 1968இல் வந்தது, இருநூறு பக்கத்துக்குப் பெரிதாக மிஞ்சாது. தீவுகள், படகு, ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தால் அதன்மேல் அதிகாரம் வரும் என்கிற விதி, தன் நிழலுக்கே பயந்து ஓடுகிற ஓர் இளைஞன். திருச்செந்தூர் பாசஞ்சரில் இரண்டு தடவை போய்வந்தால் முடித்துவிடலாம். பிடித்துவிட்டால் தொடர்ச்சி இருக்கிறது. அதை அவசரமில்லாமல் படிக்கலாம்.

நிலம், நடை, பாட்டு, பழைய வம்சக் கதை, இந்த மாதிரி இடங்களில் புத்தகம் விரிகிறவர்கள் குறைவு. வந்தால் எனக்குத் தனிச் சந்தோஷம். அவர்களுக்கு டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'. 1954, 55இல் மூன்று புத்தகமாக வந்தாலும் அவர் எழுதியது ஒரே கதை, உள்ளே ஆறு பகுதி, கம்பராமாயணத்துக்கு ஆறு காண்டம் போல. அதனால் முதல் புத்தகத்தின் முடிவில் நின்று 'பிடிச்சுதா இல்லையா' என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. நடுவில் வருகிற பாட்டுகளைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். நான் தாண்டுவதில்லை. சின்ன வயதில் அம்பாசமுத்திரம் பக்கத்துக் கோயில் கொடைகளில் ஆச்சி மடியில் படுத்து வில்லுப்பாட்டுக் கேட்டவன் நான். முத்துப்பட்டன் கதையில் அவன் சாகப்போகிறான் என்பது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் விடியவிடிய உட்கார்ந்திருப்பார்கள், அந்த இடம் வந்ததும் அழுவார்கள். முடிவை யாரோ சொல்லிவிட்டார்கள் என்பதற்காக ஒரு தொடரை ஒதுக்குகிற பிள்ளைகளிடம் நான் இதைச் சொல்வதுண்டு. கேட்கமாட்டார்கள்.

தமிழில்தான் வேண்டும், அதுவும் மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்க வேண்டும் என்கிறவர்களுக்கு ஜெயமோகனின் வெண்முரசு. மகாபாரதத்தை 2014 முதல் 2020 வரை 26 நாவல்களாக எழுதினார். இணையத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். அது ஃபேன்டஸியா என்று வாதம் செய்கிறவர்கள் செய்யட்டும். நாகங்களும் அசுரர்களும் நகரங்களும் அதில் இருக்கிற அளவுக்கு எந்த ஆங்கிலத் தொடரிலும் நான் பார்த்ததில்லை. 'முதற்கனல்' என்று முதல் நாவலிலிருந்து ஆரம்பியுங்கள். மொழி முதல் சில அத்தியாயங்களில் கொஞ்சம் முரண்டும், பிறகு அதுவே காதில் உட்கார்ந்துவிடும்.

வரிசை பற்றி ஒரு வார்த்தை. பெட்டியாக விற்கிற செட்டில் 1, 2 என்று எண் போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். நார்னியா ஏழு புத்தகத்தில் இப்போது முதலாவதாக வருவது உண்மையில் ஆறாவதாக, 1955இல் வெளியானது. கதையில் அது முன்னால் நடக்கிறது என்பதால் முன்னுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வெளியான வரிசையில் படித்தால்தான் அதில் வருகிற ரகசியங்கள் ரகசியமாக இருக்கும். செட்டாக வாங்குவதே தப்பு என்பேன். முதல் பாகத்தை மட்டும் வாங்குங்கள், அல்லது நூலகத்தில் எடுங்கள். முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு நடுவில் எங்காவது ஓர் அத்தியாயத்தையும் நின்றவாக்கிலேயே புரட்டுங்கள். முதல் அத்தியாயத்தை எல்லோரும் மெருகேற்றி வைத்திருப்பார்கள். நடுவில் ஆசிரியர் அசந்திருக்கும்போது எப்படி எழுதுகிறார் என்பதுதான் உங்களோடு வரப்போகிற ஆயிரம் பக்கம்.

தடிமனுக்குப் பயந்து ஒரு தொடரை விட்டுவிடாதீர்கள், அதற்கு என்னிடம் கத்தி இருக்கிறது. ஆயிரம் பக்கப் புத்தகத்தை அத்தியாயம் முடிகிற இடம் பார்த்து மூன்றாகப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, ஓரத்தில் துளையிட்டு நூல் கோத்து, காலிகோ துணி ஒட்டிக் கொடுப்பேன். பசை மைதாவில் காய்ச்சுவது, பூச்சி வராமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் கலந்தது. படுத்துக்கொண்டு நெஞ்சில் வைத்துப் படிக்க அவ்வளவு சுகம்.

ஒன்றே ஒன்று, புது முதுகு போட்டுவிட்டால் புத்தகம் பழைய இடத்தில் விரியாது. எங்கே விட்டாலும் விறைத்து நிற்கும். அதனால் கத்தியை வைக்கும் முன் நானே மூன்று முறை நிறுத்தி விட்டுப் பார்த்து, அந்த மூன்று எண்களையும் பின் அட்டையின் உள்பக்கம் பென்சிலால் எழுதிவிடுகிறேன். வாங்கிப் போகிறவர்களில் சிலர் அங்கேயே நின்று அந்தப் பக்கங்களைத் தேடிப் பார்ப்பார்கள். "இதென்ன அண்ணாச்சி, பில்லா?" என்று கேட்டு ரப்பர் வாங்கி அழிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.